அமாவாசையன்று வராத காகம்

ஒரு காட்டில், யாரை யார் சாப்பிடலாம் என்பதை மலைமேல் இருந்த சிங்கம் முடிவு செய்துவந்தது. அத்தனை முடிவையும் மலைக்கிளி மனப்பாடமாக வைத்திருந்தது. அடிவாரத்துப் புலியோ பசிக்கும்போதெல்லாம் மலையேறிக் கேட்க முடியுமா? அதற்காகக் கீழே ஒரு மைனா. மலைக்கிளிக்கு அதுதான் நகல். தினமும் காலையில் காகம் மலைக்குப் போய், மாறியதை மட்டும் கேட்டு வந்து மைனாவிடம் ஒப்பிக்கும். நல்ல ஏற்பாடுதான். என்ன, அமாவாசையன்று காகம் வராது. ஊருக்குள் எல்லார் வீட்டுக்கும் முன்னோராகப் போய்ச் சோறு தின்ன வேண்டுமே!

அப்படி ஓர் அமாவாசையில் புலி, "இன்னைக்கு யாரு?" என்றது.

"துளசிமணிங்கற முயல்," என்றது மைனா.

பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த துளசிமணிக்கு உயிர் போய்த் திரும்பியது. வளையில் பால்குடி மறவாத குட்டிகள் இருந்தன. வாய் மட்டும் பயப்படவில்லை.

"ஐயா, உங்க நகல் பழசு. மலையில மாத்திட்டாங்க. எனக்கு விலக்கு."

"காகம் சொல்லலையே?"

"காகம் எங்கய்யா வந்துச்சு? இன்னைக்கு அமாவாசை."

புலி வாயைத் திறந்தது. முயல் அவசரமாகச் சேர்த்தது: "அதுக்கு அடுத்த வரியையும் கேளுங்கய்யா. புலிக்கு ரெண்டு எருமை!"

பச்சைப் பொய். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

புலி திறந்த வாயை மூடியது. "ரெண்டாவது வரியை மட்டும் ஏத்துக்கலாமா?"

"வரிசையாத்தான் ஏத்தணும். மேல் வரியை விட்டா கீழ் வரி செல்லாதுங்கய்யா."

"மைனா, ரெண்டையும் ஏத்திக்கோ!"

மறுநாள் மலைக்குப் போய்விட்டு, ஏப்பம் விட்டபடி காகம் வந்தது. மைனா சொன்னதைக் கேட்டதும் திடுக்கிட்டது. "முயலுக்கு விலக்கா? எருமையா? மலையில அப்படி ஒண்ணுமே இல்லையே!"

புலி எருமைத் தொடையிலிருந்து தலையைத் தூக்கியது. "நேத்து நீ எங்க போயிருந்தே?"

காகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. புலி செய்தது தப்பு என்றால் புலி தின்றுவிடும். நேற்று வேலைக்கு வரவில்லை என்று தெரிந்தால் சிங்கம் தின்றுவிடும். ஒரே பறப்பாக மலைக்குப் போய், "கிளியக்கா, ரெண்டு வரியை மறந்துட்டீங்களே!" என்றது. கிளி, சொன்னதைச் சொல்லும் ஜென்மம். அதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

மலையும் அடிவாரமும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. சிங்கம் எல்லாரையும் பாராட்டியது. துளசிமணி வளைக்குப் போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. எருமைகளிடம் மட்டும் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை.

நீதி: பொய் சொல்லும்போது பெரியவர் வயிற்றுக்கும் இரண்டு எருமை சேர்த்துச் சொல்லுங்கள், உண்மை மறுநாள் தானாக வந்து தன்னைத் திருத்திக்கொள்ளும்.