களிமண்ணின் கவலை

மூளைநாதர் முன்பு கைரேகைதான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் வியாபாரம் படுத்துவிட்டது. ஒருநாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தலைக்கு ஏறிவிட்டார். ஒயர் தொங்கும் ஒரு தொப்பி, பெரிய திரை, அதில் நெளியும் பச்சைக் கோடுகள். போதாதா? இப்போது அவர் வாசலில் நிற்க இடமில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு ஏறும், எது ஏறாது என்று மூளை அலையைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். ஏறாத மூளைக்குத் தைலமும் அவரிடமே கிடைக்கும். வேறெங்கே கிடைக்கும்?

கூட்டத்தில் படிக்காதவர்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஓரமாக முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். தன் ஆய்வேட்டில் பேராசிரியர் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று தெரிய வேண்டுமாம். அதற்குப் பேராசிரியரின் தலையையல்லவா கொண்டுவந்திருக்க வேண்டும்?

பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அங்கே போய்வந்தார். அவர் மகள் மூளை நரம்பியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வதுதான் அவள் அன்றாட வேலை. வீட்டிலேயே ஆள் இருக்க, அப்பா அவள் புகைப்படத்தைக் கொண்டுபோய் மூளைநாதரிடம் நீட்டினார். படத்திலேயே அனல் அடிக்கிறது, படிப்பை நிறுத்தாவிட்டால் மூளை கலங்கிவிடும் என்று பதில் வந்தது. தாயில்லாப் பெண். அப்பா பயந்துபோனார். ஆராய்ச்சியிலிருந்து விலகிவிடச் சொல்லி மகளிடம் கெஞ்சினார்.

அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"பிரேக் பிடிக்குமான்னு யார்கிட்டயாவது கேட்டுட்டா வண்டிய எடுக்கறீங்க? மிதிச்சுத்தானேப்பா பாக்கறீங்க? இதையும் ஒரு தடவ மிதிச்சுப் பாத்துடுவோம். அவரு மிஷின் நெசம்னா நானே படிப்ப விட்டுடறேன்."

இருவரும் போனார்கள். மகளின் தோளில் கனமான பை ஒன்று தொங்கியது. வாசலில் வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் பெண்மணி, அப்பாவிடம் வீட்டு நிலவரத்தையெல்லாம் அன்பாக விசாரித்துக்கொண்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, தொப்பியைத் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கை பட்டால் அலை கலந்துவிடும் என்பது மூளைநாதர் போட்ட சட்டம். ரொம்ப நல்ல சட்டம்.

கூடத்தில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பச்சைக் கோடுகள் துள்ளின.

"எவ்வளவு கொந்தளிப்பு பாத்தீங்களாய்யா," என்றார் மூளைநாதர். "அம்மா இல்லாத ஏக்கம். அப்பாவத் தனியா விட்டுடுவோமோங்கற கவலை வேற. இந்த மூளை படிப்பத் தாங்காது. தைலத்தத் தேய்ச்சு வீட்டோட வெச்சுக்குங்க."

அப்பாவின் கண் கலங்கியது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு தலை இருந்தது. ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் தொப்பி மாட்டிப் பழகுவதற்காகச் செய்துவைத்த களிமண் தலை. ஒயர்த் தொப்பி அதன் மேல்தான் இருந்தது. திரையில் கோடுகள் இன்னும் அம்மாவுக்காக ஏங்கிக்கொண்டிருந்தன.

"எங்க ஆய்வகத்துல எந்த மிஷின் வந்தாலும் முதல்ல மூளையே இல்லாத ஒண்ணுல மாட்டிப் பாப்போம்," என்றாள் அவள். "அதுலயும் அலை வந்தா, மிஷின் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

களிமண்ணிலும் பிரபஞ்ச அலை உண்டு என்று மூளைநாதர் ஆரம்பித்தார். ஓட்டுநர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மேசைக்கு அடியில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போய் முடிந்தது. திரையில் ஓடியது வெறும் படம். அப்படியானால் தைலம் எதில் செய்தது என்று, மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். பதில் சொல்ல மூளைநாதர் அங்கே இல்லை. கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது.

வெளியே வந்ததும் அப்பா கையை நீட்டினார்.

"அந்தத் தலைய எங்கிட்ட குடும்மா, கனக்கும். நாளைக்கு ஆய்வகத்துக்கு நேரத்தோட கெளம்பிடு."

தலையில் களிமண்ணா இருக்கிறது என்று இனிமேல் யாரையும் திட்டாதீர்கள். களிமண்ணுக்கு அது அவமானம். யோசித்துப் பாருங்கள், யோசிக்கத்தானே தலை இருக்கிறது. அந்தக் களிமண் தலை மூளைநாதரிடம் தானாகப் போகவில்லை, ஒருத்தி தூக்கிக்கொண்டு போனாள். நாமெல்லாம் நடந்தே போனோம்.