உகாயின் இடுப்பும் இட்சுகோவின் பையும்

உகாய் தமோட்சுவின் இடுப்பு எண்பத்தொன்பது சென்டிமீட்டர். ஆண்களுக்கு எண்பத்தைந்து போதும் என்பது ஜப்பானிய அரசாங்கத்தின் அபிப்பிராயம். அந்த நாலு சென்டிமீட்டர் அத்துமீறலுக்காகக் கம்பெனி மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் ஒரு பயிற்சியாளரை அவர்மேல் ஏவிவிட்டது.

பெயர் ஹயாமி. இருபத்தேழு வயதுப் பெண். புதன்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்குப் போன் வரும். கோபிக்கவே தெரியாத குரல். உகாய்க்கு அதுதான் பெரிய பயம்.

"தினமும் எட்டாயிரம் அடி நடந்தா போதும், உகாய் சார். மூணே மாசம். பழக்கமாயிடும்."

"மேடம், நான் இருக்கறது நாகசாகி. ஊரே குன்றுமேல. இங்க எட்டாயிரம் அடின்னா பாதி வானத்துல ஏறணும்."

"ரொம்ப நல்ல ஊரு சார்!" என்றாள் ஹயாமி, மகிழ்ச்சியாக.

காலடி எண்ணும் கருவி ஒன்று தபாலில் வந்தது. தீப்பெட்டி அளவுதான். அதில் தெரியும் எண்ணைப் படமெடுத்துத் தினமும் இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். மனைவி இட்சுகோ தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தால்தான் இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு கோத்தோ தீவுக்கு மீன் பிடிக்கப் போகலாம். இல்லாவிட்டால் தூண்டில் பரணில்.

முதல் நாள் உகாய் வீராப்பாக நடந்தார். ஆயிரத்து நூறாவது அடியில் ட்ராம் வந்து பக்கத்தில் நின்றது. இவ்வளவு பிரியமாக வந்து நிற்கும் வண்டியை அவமதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

உட்கார்ந்தபடியே யோசித்தார். யோசிக்க உட்காரத்தானே வேண்டும். இட்சுகோ தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்கிறவள். குன்றுகளில் ஏறி இறங்கி ஒரு நாளில் பன்னிரண்டாயிரம் அடி நடப்பாள். வீட்டில் இப்படி ஒரு ஜோடிக் கால்கள் இலவசமாக ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு ஜோடி எதற்கு வீணாகத் தேய வேண்டும்?

மறுநாள் காலை, கருவியை அவள் தோள்பையின் பக்க அறையில் நழுவவிட்டார். மாலையில் எடுத்துப் படமெடுத்தார். பன்னிரண்டாயிரத்து நானூறு.

"அற்புதம் சார்!" என்றாள் ஹயாமி.

"ஏதோ, மனசு வச்சா முடியாதது உண்டா?" என்றார் உகாய், சோபாவில் சாய்ந்துகொண்டு.

பத்து நாள் சொர்க்கம். பதினோராம் நாள் மாலை இட்சுகோ வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"பை எங்க?" உகாய் எழுந்தே விட்டார்.

"அட, கடைசியா வேலைக்குப் போன ஊராபே அம்மா வீட்லயே விட்டுட்டேன். காலைல எடுத்துக்கறேன்."

"பர்ஸ் அதுலதானே இருக்கு?"

"பர்ஸ் சட்டைப் பைல இருக்கு."

"சாவி?"

"சாவி இல்லாமலா கதவைத் திறந்தேன்?"

"குடை! ராத்திரி மழை வந்துட்டா?"

"ராத்திரி எனக்கு என்னங்க வெளில வேலை?"

"இருந்தாலும்… பை பாவம், வேத்து வீட்ல தனியா கிடக்கும். நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றாள் இட்சுகோ. முள்ளங்கி நறுக்குகிற கை நிற்கவில்லை.

ஊராபே அம்மா வீட்டுக்கு நூற்றெழுபது படி. நாலு இடத்தில் உட்கார்ந்தார். நாலாவது இடத்தில் ஒரு பூனை அவரைப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு வழிவிட்டது. மேலே அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். "மெதுவா, மெதுவா. இறங்கறப்ப முட்டி பத்திரம்" என்றாள்.

அந்த வாரம் மூன்று முறை பை மறந்துபோனது. அடுத்த வாரம் ஐந்து முறை. ஒவ்வொரு வீடும் முந்தைய வீட்டைவிட உயரத்தில் இருந்தது. உகாய்க்குக் கால் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. ஐம்பத்திரண்டு வயதில் இவளுக்கு இப்படியா? புதன்கிழமை போனில் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒரு சொந்த விஷயம். என் மனைவிக்கு ஞாபக மறதி வந்துடுச்சு போல. நல்ல டாக்டர் யாராவது…"

அந்தப் பக்கம் வெகுநேரம் இருமல் கேட்டது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் முந்நூறு படி ஏறி முடித்த பிறகுதான், வழியில் எங்குமே உட்காரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கீழே துறைமுகத்தில் விளக்குகள் எரிந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியாது. கணக்குப்படி அவர் முதல் வாரத்திலிருந்தே மாவீரர்.

கடைசிப் பரிசோதனையில் இடுப்பு எண்பத்துநாலு.

"ஜெயிச்சுட்டீங்க சார்!" என்றாள் ஹயாமி. "இனிமே உண்மையச் சொல்லலாம். அந்தக் கருவியோட எண்ணை நான் ரெண்டாவது வாரத்துலேர்ந்து பாக்கவே இல்ல. உங்க வீட்டம்மா போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க. எந்த நாள் பையை எந்த வீட்ல விடறதுன்னு நாங்க ரெண்டு பேரும்தான் பட்டியல் போட்டோம்."

உகாய் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து. பன்னிரண்டாயிரம் அடி நடந்தவர் காலுறை இப்படியா வெள்ளையா இருக்கும்?"

"நேரா கேட்டிருக்கலாமே!"

"இருபத்தஞ்சு வருஷமா நடங்க நடங்கன்னு சொன்னேன். நடக்கறது நடக்கட்டும்னுட்டு உக்காந்துட்டீங்க." அடுப்பைத் தணித்தாள். "நான் போற வீட்லல்லாம் அந்த அம்மாங்க மட்டும்தான் இருக்காங்க. வீட்டுக்காரங்க எல்லாரும் போட்டோவா இருக்காங்க. தினமும் துடைக்கறது நான்தான்."

உகாய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்போ, கோத்தோவுக்குப் போகலாமா?"

"தாராளமா போயிட்டு வாங்க."

மகிழ்ச்சியில் துள்ளி எழுந்தார். கால்சட்டை எழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவரை இட்சுகோ ஏற இறங்கப் பார்த்தாள்.

"அஞ்சு கால்சட்டையும் பிடிச்சுத் தைக்கணும். மூட்டை கட்டி வச்சிருக்கேன். தையல்காரர் இப்ப குன்றுமேல இருக்கற கோயிலுக்கும் மேல குடிபோயிட்டாரு."