முத்திரை மலைமேல் இருக்கிறது

படிப்பை விட்டவன் வேலைக்குப் போகவேண்டுமென்றால் மதிப்பெண் சான்றிதழில் "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள், வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை. திங்களிலிருந்து 'நாளைக்கு வா' என்றே சொல்லிவந்த கல்வி அலுவலகம் வெள்ளி காலையில்தான் வாய் திறந்தது.

"முத்திரை இங்க இல்லப்பா. மலைமேல ஒரு டப்பாவுல இருக்கு" என்றார் குமாஸ்தா.

"தொலைஞ்சு போச்சா சார்?"

"சேச்சே, ஒளிச்சு வெச்சிருக்கோம்!"

மேலதிகாரி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாராம். அங்கே ஜனங்கள் காடுமேடெல்லாம் டப்பாவை ஒளித்துவைத்துத் துப்பு எழுதிக் கொடுப்பார்களாம். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வாராம். பொதுமக்களின் உடல்நலத்தை முன்னிட்டு இங்கேயும் அவ்வாறே செய்ய ஆணையிடப்பட்டது. அப்படித்தான் ஆபீஸ் முத்திரை மலையேறிவிட்டது என்றார் குமாஸ்தா.

துப்புச் சீட்டைப் படித்தேன். சாய்ந்த மரத்திலிருந்து மேற்கே நாற்பது அடி.

"யாரோட அடி சார்?"

"மேலதிகாரியோட அடி. அவரு கொஞ்சம் குட்டை, பாத்து வை."

ஐந்து மணி நேரம். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. பாறையடியில் பிஸ்கட் டப்பா. சான்றிதழில் ஓங்கிக் குத்திக்கொண்டு இறங்கி ஓடினேன்.

நாலரைக்குக் கம்பெனி மேனேஜர் சான்றிதழை வாங்கினார். மதிப்பெண்ணைப் பார்க்கவேயில்லை. முத்திரைக்காக மலையேறிய கதையைச் சொன்னதும் கண் கலங்கினார்.

"மலை டப்பாவா! மூணு ஞாயித்துக்கிழமை தேடியும் எனக்கு மாட்டலடா!"

நான் "சார், சார்" என்பதற்குள் கத்தரிக்கோல் எடுத்து முத்திரையை வட்டமாக வெட்டித் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார். பிறகு முகத்தைக் கடுமையாக்கினார்.

"சரி, முத்திரை எங்க? வெறும் ஓட்டை இருக்கு?"

"நீங்கதானே வெட்டினீங்க!"

"அது பொழுதுபோக்கு தம்பி. இது உத்தியோகம்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம். மூச்சு வாங்க அலுவலகத்துக்கு ஓடினேன். குமாஸ்தா ஒரு தாளில் 'இன்றைய இளைஞர் பங்கேற்பு: ஒன்று' என்று எழுதி, டிராயரிலிருந்து அதே முத்திரையை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தார்.

"இது ஏது சார்?"

"இன்னொண்ணு எப்பவும் இங்கதான் இருக்கு. இன்னொண்ணு இருக்கான்னு யாரும் கேக்கலையே."

"அப்ப எனக்குக் குத்துங்க!"

"எதுல, ஓட்டையிலயா?"

அதற்குள் என் முதுகில் ஒரு கை. திரும்பினால் நீண்ட வரிசை. எல்லார் கையிலும் புது நோட்டு.

"தம்பி, இங்க நின்னு வம்பு வளர்க்காதே. நாங்க துப்பு வாங்கிட்டு மலையேற வேண்டாமா?"

மணி ஐந்து அடித்தது.