மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் போட்டுக் காட்டிய கார்ட்டூன்

சேசு மரி சூசை

தாகேதா, யாங்கோன், பர்மா

அன்பிற்குரிய மச்சான் சைமனுக்கு, மரியஜோசப் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா மக்தலேனாவின் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டவர் புண்ணியத்தில் சீராக இருக்கிறது. சென்னையில் உங்கள் சுகமும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ பென்டிரைவில் அனுப்பிய தொண்ணூறு வருஷத்துப் பழைய கார்ட்டூன்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாற்பது வருஷம் கோவில் பாண்டில் கிளாரினெட் ஊதியவன் சொல்கிறேன், ஜாஸ் என்றால் அதுதான் ஜாஸ். ட்ரம்பெட் ஒரு இழுப்பு இழுத்தால் தேநீர்க் கெண்டி இடுப்பை ஒடிக்கிறது, நாற்காலி நாலு காலாலும் தாளம் தப்பாமல் ஆடுகிறது, ஒவ்வொரு அசைவையும் ஒருவன் உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறான் என்று நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. முதல் படத்தைப் பத்து தடவை பார்த்தேன். அந்தத் தைரியத்தில், போன ஞாயிறு என் மகள் சாராவைப் பெண் பார்க்க மிங்கலாடோனிலிருந்து வந்தவர்களுக்கு, நான் பார்க்காத இரண்டாவது படத்தைப் போட்டுவிட்டேன்.

வந்தவர்கள் ஏற்கனவே உர்ரென்று இருந்தார்கள். மாப்பிள்ளை ஆல்பின் நல்ல கறுப்பு. அதை உன் அக்கா யாரிடமோ சொல்லி, அது அவர்கள் காதுக்குப் போயிருந்தது. சாராவோ கட்டினால் அவனைத்தான் என்று நிற்கிறாள். மீன் சாறு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை யாரும் தொடவில்லை, கொஞ்சம் கலகலப்பாகட்டுமே என்று டிவியைப் போட்டால், மச்சான், திரை முழுக்கக் கறுப்பு மனிதர்கள், முகத்தில் பாதி உதடு, கண்ணை உருட்டிக்கொண்டு மரத்திலிருந்து குதிக்கிறார்கள், மனிதனை மனிதனாகவே வரையவில்லை. வாசித்தவர்களும் கறுப்பு மனிதர்கள்தானே, அந்த வாசிப்புக்கு இதுவா மரியாதை என்று வயிறு எரிந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் பர்மியப் பிள்ளைகள், இந்தியக்காரன் என்று இளக்காரமாக, "கலா, கலா" என்று நம்மைக் கேலி செய்து கரும்பலகையில் இதே உதட்டைத்தானே வரைந்தார்கள். ரிமோட் வேலை செய்யவில்லை, தினம் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை, கையில் கிடைத்த லோஞ்சியை, அதுதான் நம்ம லுங்கி, விரித்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "எங்களக் கூப்பிட்டு வச்சு இதத்தான் காட்டணும்னு இருந்தீங்களா?" என்றார். ஆல்பின்தான் வாயைத் திறந்தான். "படத்த மறைங்க மாமா, பாட்ட நிறுத்தாதீங்க. அந்த ட்ரம்பெட்காரர் என்னமா ஊதுறாரு, அவரயாவது கேட்டுட்டுப் போவோம்."

அவன் அப்பா உட்கார்ந்தார். ஏழு நிமிஷம் எனக்குக் கை வலிக்க, எல்லாரும் லோஞ்சியைப் பார்த்தபடி பாட்டைக் கேட்டார்கள். பிறகு மொய்ங்காவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். சாரா அழுதுவிட்டாள், நானும்தான். மனிதனை நிறத்தை வைத்து எடைபோடுகிற புத்தி இனி இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று உன் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தேவதாயின் ஆசீர் உங்கள் வீட்டின் மேல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அத்தான்
மரியஜோசப்

பி.கு.: மாப்பிள்ளையின் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே சொந்தக்காரர்களுக்குக் காட்டுமுன், உன் மகனிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொல். உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம், இது என் யோசனை.