பச்சோந்தியைப் பார்த்த கண்

அன்று அந்தி மறைந்த பின் மொட்டைமாடியில் கூடியிருந்தவர்கள் நால்வர்: பள்ளிக்கூட வேன் ஓட்டுநர், அவர் மனைவி, மனைவியின் அண்ணனான கண் மருத்துவர், வேடிக்கை என்றால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவரும் கீழ்வீட்டுத் தையற்காரி. ஐந்தாவதாக ஒரு பச்சோந்தியும் இருந்தாக வேண்டும். அது வானத்தில்.

சில நாள்களாகவே ஓட்டுநருக்குத் தெருவிளக்குகள் பஞ்சுப்பொதிகளாகத் தெரிந்தன. போன வாரம் வேகத்தடையை நிழலென்று எண்ணி வேனை வேகமாக ஏற்றிவிட்டார். வேனுக்குள் பிள்ளைகள் எல்லோரும் துள்ளி விழுந்து கைதட்டிச் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்து வருவது நிழலா, பிள்ளையா? சொன்னால் சாவி கையைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை.

ஆனால் அன்று காலை மனைவி கண்ணைக் காட்டச் சொன்னபோது மீசையை முறுக்கினார்.

"என் கண்ணையா? தென்வானத்துல பச்சோந்தின்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. சின்னது, மங்கலு. அதையே பார்க்கிற கண்ணுடி இது!"

"அப்படியா? சாயங்காலம் அண்ணன் வர்றாரு. அவருக்கும் காட்டுங்க. காட்டிட்டா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

வாரப் பத்திரிகையில் வந்திருந்த வான்படத்தை ஓட்டுநர் பகலிலேயே உருப்போட்டார். தெற்குச் சுவர், தண்ணீர்த்தொட்டிக்கு இடப்பக்கம், சுவருக்கு மேலே இரண்டு முழம். கோட்டை பிடிக்கப் போகிறவன்கூட அத்தனை கவனமாக இடம் குறித்திருக்க மாட்டான்.

இருட்டியது. விரல் நீண்டது.

"அதோ! தொட்டிக்கு இடப்பக்கம். பளிச்சுன்னு இல்ல?"

"வாலு தெரியுதாங்க?" என்றாள் மனைவி.

"வாலென்ன, நாக்கே தெரியுது!"

தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, இதுக்கு மேல என்னால அடக்க முடியாது!"

மனைவி நேரே நடந்து போய், பச்சோந்தி இருந்த இடத்தைப் பிடித்து இழுத்தாள். கொடியில் தொங்கிய கறுப்புக் கம்பளி அவள் தோளில் விழுந்தது. அவர் பகலில் இடம் குறித்ததைப் பார்த்து, இருட்டுமுன் அவளே அங்கே தொங்கவிட்டது அது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் நிற்குமாம். இது எட்டு நொடிகூட நிற்கவில்லை.

"மாப்பிள்ளை, இப்பக் கம்பளியும் இல்லை. எனக்கே ஒண்ணும் தெரியலை," என்றார் மருத்துவர். "இந்த ஊர் வெளிச்சத்துல அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியலைன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"அதைத்தான் சொல்ல மாட்டாருன்னேனே," என்றாள் மனைவி.

"எனக்கென்னவோ கண்புரைன்னுதான் தோணுது. நாளைக்கே வாங்க. எடுத்துட்டா பழையபடி ஓட்டலாம்," என்றார் மருத்துவர்.

"நாளையிலேர்ந்து வேனுக்கு உங்க தம்பியை வரச் சொல்லிட்டேங்க. பிள்ளைங்க காத்திருக்க வேணாம்," என்றாள் மனைவி கணவரிடம்.

ஓட்டுநர் தமக்குள் கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைத்தது பெருமூச்சு ஒன்றுதான். தம் வாய் சொல்லக் கூசிய உண்மையை, ஒரு கம்பளியை விட்டே சொல்லவைத்துவிட்டாள் இவள். இனி அந்தப் பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்வார்கள். இப்படி ஒருத்தி வாய்க்கத் தாம் என்ன புண்ணியம் செய்தோமென்று அவருக்கு விளங்கவில்லை.

சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் தோளில் கிடந்த கம்பளியை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். மிடுக்காகத் திரும்பி நடந்தார்.

"ஏங்க, படி இந்தப் பக்கம்."

அவள் காட்டிய பக்கமே திரும்பி இறங்கிப் போனார்.