எழுபதாயிரம் பேர் தொடையில் தட்டிய ஞாயிற்றுக்கிழமை

பிலடெல்பியா,
டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா ஆர்டிஸுக்கு உன் தம்பி வெண்டல் எழுதுவது. நானும் பிள்ளை கோல்பியும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால், நலம். நீயும் அத்தானும் நலமா? நான் விட்டுவிட்டு வந்த நாற்பத்திரண்டு பசுக்களும் நலமா? இரண்டே வாரத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது வாரமாக அத்தானைப் பால் கறக்க வைத்திருக்கும் ஆள் இதையெல்லாம் விசாரிக்க வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டேதான் விசாரிக்கிறேன்.

"பையன் ஒழுங்கா சாப்பிடறானான்னு பாத்துட்டு வா, முடிஞ்சா கையோட கூட்டிட்டு வந்துடு" என்று நீ சொல்லி அனுப்பினாய். சாப்பிடுகிறான். நின்றுகொண்டே, கிண்ணத்தில் பாலும் சோளப்பொரியும், மூன்று வேளையும். உன் கையால் செய்த உருளைக்கிழங்கு ரொட்டியை நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த அன்று மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் வீடு முப்பத்து நாலாவது மாடி. காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும்பி வந்து கீழே உள்ள தெரு, பாலம், கார் எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கங்கே நாலு கட்டடத்தின் தலை மட்டும் வெளியே தெரியும். காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் மிதப்பேன். எங்கோ அடியில் ஒரு கப்பல் ஊதும், தூரத்து மேய்ச்சலில் விட்டுவிட்டு வந்த பசு கூப்பிடுவதுபோல. முதல் வாரம் தலை சுற்றியது. இரண்டாம் வாரம் ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மூன்றாம் வாரம் அந்த நாற்காலிக்கு ஒரு தலையணை வந்து சேர்ந்தது. அப்புறம் வாரக் கணக்கு எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நீ ஃபுட்பால் ஆட்டம் பார்ப்பது இடைவேளையில் வரும் வாத்தியக் குழுவுக்காக மட்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் கோல்பி குவார்ட்டர்பேக். பந்து அவன் கைக்கு வந்ததும் மூன்று நொடிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் யாரிடமாவது அதை எறிந்துவிட வேண்டும். எறியாவிட்டால் எதிரணித் தடியர்கள் நாலு பேர் வந்து அவன்மேல் விழுவார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் இருபத்து மூன்று வயதுப் பையன் இந்த வேலையை இந்த ஊரில் செய்வது லேசில்லை அக்கா. இங்கே எல்லாருமே அவனுக்குப் பயிற்சியாளர்கள். ரொட்டிக் கடைக்காரி ரொட்டியைப் பையில் போடுமுன், "இடது பக்கம் ஓடாதே கண்ணு, உனக்கு வரலை" என்கிறாள். பல் டாக்டர் அவன் வாயில் கருவியை நுழைத்துவிட்டு, பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அவன் செய்த தப்புகளை ஒன்றொன்றாகச் சொன்னாராம். போன வாரம் லிஃப்ட்டில் ஒரு கிழவர் எங்களோடு ஏறினார். ஒன்றும் பேசவில்லை. அப்பாடா என்று இருந்தேன். இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "என் ஹார்ட் டாக்டர் உன் ஆட்டத்தைப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் முப்பத்து நாலாவது மாடி வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இனி நான் எழுதப் போவதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

பையன் பயிற்சிக்குப் போனதும் வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்தான். மாலை நாலு மணிக்கு வின்னி என்று ஒருவன் நிகழ்ச்சி நடத்துகிறான். ஊர்க்காரர்கள் போன் செய்து என் மகனைத் திட்டுவார்கள், அதுதான் நிகழ்ச்சி. ஒருத்தன் வெங்காயம் வதக்கிக்கொண்டே திட்டுவான், சட்டிச் சத்தம் கேட்கும். ஒருத்தன் டாக்சி ஓட்டிக்கொண்டே. ஒரு பெண் நடுநடுவே குழந்தையை "ஷ்ஷ்" என்று தட்டிக்கொண்டே. கண்ணை மூடிக்கொண்டால் பெரிய சமையலறை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து எல்லாருடைய பேச்சையும் கேட்பதுபோல இருக்கும். திட்டு வாங்குவது என் பிள்ளைதான். இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது சுகமாக இருந்தது. நம் மினசோட்டா ஊரில் ஒரு வருஷத்தில் காதில் விழும் பேச்சு இங்கே ஒரு மணி நேரத்தில் விழுகிறது.

ஒரு திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் நானே போனைப் போட்டேன். பையனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவதாகத் திட்டம். நாற்பது நிமிஷம் காக்க வைத்தார்கள். திடீரென்று வின்னி, "பேரு சொல்லுங்க பெரியவரே" என்றான். சொந்தப் பெயரைச் சொல்ல முடியுமா? பதற்றத்தில் நம் காளை எல்மரின் பெயர் வாயில் வந்துவிட்டது. "சொல்லுங்க எல்மர், நம்ம பையன் எப்படி?" என்றான்.

அக்கா, நீயும் நானும் வளர்ந்த விதம் உனக்குத் தெரியாதா? நம்மில் யார் சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்திருக்கிறார்கள்? பள்ளிக்கூடக் காலத்தில் மாநில இறுதி ஆட்டத்தை இவன் தனியாளாக ஜெயித்துக் கொடுத்தபோது பக்கத்துப் பண்ணை ஹார்வி "மோசமில்லை" என்று சொன்னதற்கே, ஹார்விக்கு என்ன இவ்வளவு உணர்ச்சி என்று ஊர் பேசியது. நான் அன்றைக்குப் பையனிடம் சொன்னது, "தொப்பியப் போட்டுக்கடா, குளிருது." அப்படிப்பட்டவன் ரேடியோவில் என்ன சொல்வேன்? நல்ல வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது, அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது.

"பையன் பந்தை ரொம்ப நேரம் வெச்சுக்கறான்," என்றேன். "மினசோட்டாப் பக்கம் விருந்துக்குப் போனா, தொடையில ஒரு தட்டு தட்டி 'சரி, அப்போ கெளம்பறோம்'னு எந்திரிப்பாங்க. அப்புறம் வாசல்ல அரை மணி. படியில அரை மணி. கார்ல ஏறி, கண்ணாடிய எறக்கி இன்னொரு அரை மணி. பையன் அந்த மாதிரிதான். பந்து எப்பவோ கெளம்பிடுச்சு, இவன் இன்னும் மேல்கோட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறான்."

வின்னி சிரித்தான். எவ்வளவு நேரம் என்றால், நடுவில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தும் சிரித்தான். அடுத்த திங்கட்கிழமை என்னைக் காக்க வைக்கவில்லை, அவர்களே கூப்பிட்டார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமையும். எல்மர் என்றால் இந்த ஊரில் இப்போது தெரியாதவர்கள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பையன்தான் டிக்கெட் கொடுத்தான். மெல்லிய வெயில், எனக்கு முன்னால் ஒருவர் போர்த்தியிருந்த கம்பளி, யாரோ தின்னும் உப்பு முறுக்கின் வாசனை, எனக்குக் கண் சொருகியது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. டிராக்டர் கொட்டகையின் தகரக் கூரையில் பெருமழை விழுகிற சத்தம். ஒரு கணம் நான் நம் வீட்டில்தான் இருந்தேன் அக்கா, வைக்கோலை எல்லாம் முன்னாலேயே உள்ளே போட்டாயிற்று, இனி பெய்யட்டும் என்கிற மாதிரி ஒரு நிம்மதி. கண்ணைத் திறந்தேன். மழை இல்லை. எழுபதாயிரம் பேர் சேர்ந்தாற்போலத் தொடையில் தட்டுகிறார்கள். பந்து என் மகன் கையில். "கெளம்பு! கெளம்பு!" என்று அத்தனை பேரும் கத்துகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் என் முழங்கையை இடித்து, "தட்டுங்கய்யா, சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றார். ஆறு தடவை பையனைப் பந்தோடு சேர்த்துத் தரையில் அமுக்கினார்கள். பையனை உட்கார வைத்துவிட்டு வேறொருவனை இறக்கலாமா என்று பயிற்சியாளர் யோசிப்பதாக மறுநாள் பேப்பரில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கோல்பி கிண்ணத்தோடு ஜன்னலோரம் வந்து நின்றான். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, சீசன் முடிஞ்சதும் ஊருக்கே வந்துடட்டுமா? நம்ம ஸ்கூல்ல கோச் வேலை காலியா இருக்காம்" என்றான்.

"வாயேன்" என்றேன். நீ ஆசைப்பட்டதுதான். நானும் ஆசைப்பட்டுத்தான் இங்கே வந்தேன். ஆனால் இப்படி நடக்கும் என்று நினைத்து வரவில்லை. பிள்ளையை உடைத்துவிட்டது இந்தப் பாழாய்ப்போன நகரம் என்று நீ சொல்வாய். நகரமில்லை அக்கா, நான். நகரம் வெறுமனே தொடையில்தான் தட்டியது. இதை அவனிடம் நான் சொல்லப் போவதில்லை, குழிக்குள் போகிறவரை சொல்லப் போவதில்லை. ஜனவரியில் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மேல் அறையில் ஹீட்டரை இப்போதே போட்டு வை, அந்த அறை சூடாக ஒரு மாதம் ஆகும். ஸ்கூலிலும் ஒரு வார்த்தை சொல்லி வை. அவன் என்ன கேட்டாலும் எல்மர் என்கிற பெயர் மட்டும் உன் வாயில் வரக் கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் முதுகுக்கு என் மன்னிப்பு. சர்ச்சில் கேட்பவர்களிடம் இங்கே குளிர் பரவாயில்லை என்று சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும், வயிற்றில் கன்றோடிருக்கும் பசுக்களையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
வெண்டல் ஹாகன்.

பி.கு.: சனிக்கிழமை காலை. மேலே எழுதிய எதையும் செய்யாதே.

ஸ்டாம்ப் வாங்கக் கீழே போனவன் கடிதத்தை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கோல்பி கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் நிதானமாகத் தாளை மடித்து வைத்தான்.

"உன் குரல் எனக்குத் தெரியாதாப்பா? மொத நாளே தெரியும்" என்றான்.

"அப்போ ஏண்டா சும்மா இருந்தே? போனைப் பிடுங்கி வீசியிருக்க வேண்டாமா?"

"நீ அதோட நிறுத்தலையே. அடுத்த வாரம் வின்னி என் கை எப்படின்னு கேட்டாரு. பதினோரு நிமிஷம் பேசினே. பத்து வயசுல இந்தப் பையன் பனியில நின்னு கொட்டகைச் சுவத்துல எறிஞ்சிருப்பான், கை வெறைச்சாலும் விட்டிருக்க மாட்டான், அப்படியொரு கைன்னே. நான் பார்க்கிங்ல வண்டிய நிறுத்திட்டு, நீ போனை வைக்கற வரைக்கும் எறங்கலை." சாப்பிட்டு முடித்த கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "அப்போ நீ கொட்டகை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தியா? எனக்குத் தெரியவே தெரியாதுப்பா."

அவன் கிண்ணத்தை எடுத்துக் கழுவினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஊருக்கு வரட்டுமான்னு உனக்காகத்தான் கேட்டேன். ஒம்பது வாரமா ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே, மாடு கன்னு ஞாபகம் வந்துடுச்சோன்னு" என்றான். ஞாபகமெல்லாம் இல்லை, தூக்கம்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"உனக்கு இங்க பிடிச்சிருக்காடா?" என்று கேட்டேன். ஒன்பது வாரத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"ஊர்ல தப்பு பண்ணினா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா சாகற வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. இங்க மூஞ்சிக்கு நேரா கத்தித் தீத்துட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசா கத்த வந்துடறாங்க. எனக்கு இதுதான் தோதா இருக்கு."

ஆகவே ஹீட்டரைப் போடாதே. ஸ்கூலிலும் ஒன்றும் சொல்லாதே. நானும் இப்போதைக்கு வரப் போவதில்லை என்பதை அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல், எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கும் கோல்பிதான் ஆடுகிறான், பயிற்சியாளர் நேற்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் மறுபடி போன் போட வேண்டுமாம், ஆனால் கோல்பியின் அப்பா என்று சொல்லித்தான். "நல்லா ஆடினேன்னா, நல்லா ஆடினான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுப்பா" என்றான். அவன் பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், அக்கா. முதல் இரண்டு தடவை இருமல்தான் வந்தது. மூன்றாவது தடவை வந்துவிட்டது.