மாப்பிள்ளை ஏறிட்டாரோ?

ரோட்டில் மரியாதை பார்க்கிறவள் வீடு போய்ச் சேர நேரமாகும். மெல்பேர்னில் இத்தனை வருடம் கார் ஓடிக் களைத்தபின் எனக்குக் கிடைத்த ஞானம் இவ்வளவுதான். முதுகில் ஏறாத குறையாக ஒட்டிக்கொண்டு வருகிறவன், சிக்னல் போடாமல் குறுக்கே விழுகிறவன், சிக்னலைப் போட்டுவிட்டு நிற்பாட்ட மறந்து நாலு சந்தி தாண்டிப் போகிறவன் (அது பெரும்பாலும் நம்முடைய ஆளாகத்தான் இருக்கும்), எல்லாரையும் பார்த்தாயிற்று. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கொட்டாவிதான் வருகிறது. ஆனாலும் அவர்களைத் திட்ட வாய் திறக்கும் போதெல்லாம் எழுபதுகளின் நடுவில் வந்த ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வேன்.

அப்போது நாங்கள் கிளென் வேவர்லியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஊரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் கார் ஓடும் பெண் நான் ஒருத்திதான். இவர் (என் கணவரைச் சொல்கிறேன்; பெயர் சொல்லிப் பழக்கமில்லை) லைசன்ஸ் சோதனையில் மூன்று முறை தோற்றவர். நான் முதல் தடவையே பாஸ். அந்த மனத்தாங்கலை இவர் பக்கத்துச் சீட்டில் இருந்து எனக்குப் பாடம் நடத்தித் தீர்த்துக்கொள்வார். காரில் ஏறியதும் இவருடைய முதல் வேலை, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைப்பது.

"பின்னாலை வாறதை நான் பாக்கிறன். நீர் முன்னாலை பாரும்" என்பார். நானும் எத்தனை நாளைக்குத்தான் சண்டை பிடிப்பது? விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு முன் அறையில் சிவநேசன் என்றொரு பெடியன் குடியிருந்தான். ரோட்டுச் சந்திகளில் எங்கே விளக்கு வைக்கலாம் என்று படம் கீறும் அரசாங்கக் கந்தோரில் அவனுக்கு வேலை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் மனோ. அவளுடைய பெரியப்பா கனகசபை அங்கிள்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கிளேட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தை மத்தியானம் வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார். முகூர்த்தம் யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியார் குறித்து அனுப்பியது. அது யாழ்ப்பாண நேரமா மெல்பேர்ன் நேரமா என்று ஒரு கிழமை முழுவதும் பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் மெல்பேர்ன் நேரம் வென்றது. பன்னிரண்டு மணிக்குள் தாலி ஏற வேண்டும். அதற்குப் பிறகு நல்ல நேரமும் இல்லை, மண்டபமும் இல்லை.

மாப்பிள்ளையை நான் ஏற்றி வருவேன் என்றதும் அங்கிளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பொம்பிளை ஓடுற காரிலையோ மாப்பிள்ளை வாறது? வழியிலை ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"அங்கிள், ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து இறக்கிறன், பாருங்கோ" என்றேன். (வாய்க்கொழுப்பு. வேறென்ன?) அந்தக் கணத்திலிருந்து அது சிவநேசனின் கல்யாணம் மட்டுமல்ல, என் மானமும் ஆயிற்று.

சனிக்கிழமை காலை, பட்டு வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டோடு மாப்பிள்ளை பின் சீட்டில் ஏறினான். கூடவே, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய உயரமான குத்துவிளக்கு. கீறல் விழாமல் இருக்க அதை வெள்ளைப் போர்வையால் சுற்றி, அவன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தோம். காரின் கூரை பதிவு, உயரம் போதாது. தலைப்பாகையோடு இருந்தால் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் சிவநேசன் தலைப்பாகையைக் கழற்றி, வைக்க இடமில்லாமல், விளக்கின் தலையிலேயே கவிழ்த்து வைத்தான். இவர் தன் பங்குக்கு, படத்தில் அழகாக விழ வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்கு ஆனையும் ஆட்டுக்குட்டியும் ஒன்றுதான். ஆனாலும் பின்னால் பார்க்கும் பொறுப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

பாதி வழி நன்றாகத்தான் போனோம். பிறகு அந்தச் சந்தி வந்தது.

விளக்கும் இல்லை, பலகையும் இல்லை. அந்தக் காலத்துச் சட்டம், வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழி விடு என்பது. எனக்கு வலது பக்கம், பேக்கரி ரொட்டி கொண்டு திரிகிற ஒரு பாண் வான். எதிரே, தொப்பி போட்ட கிழவர் ஒருவரின் ஸ்டேஷன் வேகன். இடது பக்கம், கூரையில் கடலலையில் சறுக்கும் பலகை கட்டிய ஓர் இளவட்டத்தின் வான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றோம். நான்கு பேருக்கும் வலது பக்கத்தில் ஆள் இருந்தது. ஆகவே நான்கு பேரும் வழி விட்டோம். சட்டப்படி பார்த்தால் இன்றைக்கும் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

சரி, நாங்கள்தானே மரியாதை தெரிந்த சாதி என்று, கையை வெளியே நீட்டி, பாண்காரனை "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்டேன். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி. நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவது? பாண்காரன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வானைப் பின்னுக்கு எடுத்தான்.

என்ன பணிவான மனுசன் என்று நினைத்து இன்னும் பலமாக ஆட்டினேன். இன்னும் பின்னுக்குப் போனான். எதிரே நின்ற கிழவரும் தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பின்னுக்கு நகர்ந்தார். ஆளுக்கு ஆள் ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வழி விடுகினம். நன்றி சொல்லவேண்டாமே?" என்று இவர் எட்டி என் ஹோர்னை அமத்தினார். எங்கள் ஊரில் ஹோர்ன் என்றால் 'நான் வாறன்', 'நன்றி', 'சுகமா' எல்லாம்தான். இங்கே அதற்கு ஒரே அர்த்தம். அதை நான் எழுதமாட்டேன்.

கிழவர் கதவைத் திறந்து இறங்கி வந்தார். முகம் செங்கல் நிறம்.

"போகப் போகிறாயா இல்லையா, லவ்?" (இங்கே முன்பின் தெரியாத பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

நான் தலையை ஆட்டினேன். நாங்கள் ஆட்டும் ஆட்டம் தெரியும்தானே, இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல்.

"அது யெஸ்ஸா, நோவா?"

மறுபடியும் ஆட்டினேன். அந்தப் பதற்றத்தில் எனக்கு வேறெதுவும் வரவில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றி, வானத்தைப் பார்த்து, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "அக்கா, விடுங்கோ. இது என்ரை சப்ஜெக்ட்."

"விசரே உமக்கு? இரும் உள்ளுக்கை!" என்று நான் கத்துவதற்குள் சிவநேசன் இறங்கிவிட்டான். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தியின் நடுவில் போய் நின்றான். கந்தோரில் படம் கீறிக் கீறியே அலுத்தவனுக்கு ஒரு நிசமான சந்தி கிடைத்திருக்கிறது, விடுவானா? மறு கையால் மூன்று பக்கத்தையும் கூப்பிட்டான். உள்ளங்கை கீழே பார்க்க. மூன்று வாகனமும் பின்னுக்குப் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அது இதுதான்.

கடைசியில் பாண்காரனே இறங்கினான். பாண்காரர் போடும் நீண்ட வெள்ளைக் கோட்டு. சிவநேசனிடம் போய் ஏதோ கேட்டான். இரண்டு பேரும் கையை மாற்றி மாற்றி ஆட்டிக் காட்டினார்கள். பிறகு சிரித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தான். "லவ், இப்படி ஆட்டினால் இங்கே 'போ' என்று அர்த்தம். வரச் சொல்வதென்றால் உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும்" என்று பொறுமையாகச் செய்து காட்டினான்.

"கேட்டீரே? கையைக் கீழை ஆட்டினால் 'போ'வாம்" என்று இவர் தானே கண்டுபிடித்ததுபோல எனக்குத் திருப்பிச் சொன்னார்.

பாண்காரன் நல்லவன். போகும்போது, திறந்து கிடந்த எங்கள் பின் கதவை டப்பென்று சாத்தினான். என்னைப் போகும்படி கை காட்டினான். பின்னால் வந்து சேர்ந்த கார்களெல்லாம் ஹோர்ன் அடிக்கின்றன. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தேன். வெள்ளையும் தலைப்பாகையும் தெரிந்தன. மாப்பிள்ளை ஏறிவிட்டான் என்று கியரைப் போட்டேன்.

சிறிது தூரம் போனதும் இவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "பின்னாலை வெள்ளைக் கோட்டுக்காரன் ஓடி வாறான். பாண்காரனாக்கும். கை காட்டுறான்."

"எப்பிடிக் காட்டுறான்?"

"கையைக் கீழை ஆட்டுறான். 'போ, போ' எண்டுறான். நல்ல மனுசன். நீர் மிதியும்."

மிதித்தேன்.

வழியெல்லாம் நான் சிவநேசனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனேன். கல்யாண நாளில் ரோட்டில் இறங்குவதா, வேட்டியில் அழுக்குப் பட்டால் என்ன ஆகும் என்று. அவன் ஒன்றும் பேசவில்லை. பாவம், வெட்கப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

மண்டப வாசலில் கார் நின்றதுதான் தாமதம், டேப்பில் நாதஸ்வரம் முழங்கியது. இரண்டு அன்ரிமார் ஆலாத்தித் தட்டோடு ஓடி வந்து, பின் ஜன்னலுக்கு நேரே மூன்று முறை சுற்றினார்கள். படம் எடுக்கிறவர் பளிச்சென்று ஒன்று எடுத்தார். கனகசபை அங்கிள் முகம் மலர, "பரவாயில்லை பிள்ளை, நேரத்துக்குக் கொண்டு வந்திட்டாய்" என்று கதவைத் திறந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

தலைப்பாகை உருண்டு அவர் காலடியில் விழுந்தது. போர்வை சரிந்தது. குத்துவிளக்கு எல்லாரையும் பார்த்தது.

"பிள்ளை," என்றார் அங்கிள் மெதுவாக, "மாப்பிள்ளை எங்கை?"

"ஏறினவர்தானே..." என்று பின் சீட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இவர் அப்போதுதான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விளக்கை உற்றுப் பார்த்தார். உள்ளே மணவறையில் மனோ காத்திருக்கிறாள். பதினைந்து நிமிடம்கூட இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. இனி ஊரில் எந்தப் பெண்ணாவது கார் பழகப் போகிறேன் என்றால் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்த நினைப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் போய்த் தேட, காரின் திறப்பைத் திருகினேன்.

அப்போது தெருமுனையில் பாண் வான் திரும்பியது. முன் சீட்டில் சிவநேசன், மடியில் ஒரு தட்டுப் பணிஸ் ரொட்டி. பட்டு வேட்டியில் முழங்கால் வரைக்கும் கோதுமை மா. இறங்கியதும் என்னிடம்தான் வந்தான்.

"அக்கா, நான் 'வாங்கோ, வாங்கோ' எண்டு அவ்வளவு கத்தினன். கையும் காட்டினன்."

"கண்டனாங்கள்" என்றார் இவர்.

அன்ரிமார் அவசரத்தில் மிச்சமிருந்த ஆலாத்தியை அவனுக்கும் சுற்றினார்கள். தாலி நேரத்துக்குள் ஏறியது. பாண்காரனை விடவில்லை, இருத்திச் சாப்பாடு போட்டோம், கையால் பிசைந்து சாப்பிட்டான். கனகசபை அங்கிள் சாப்பாட்டுப் பந்தியில் என் அருகே வந்து நின்றார். நான் தலை நிமிரவில்லை.

"ஒண்டு சொல்லவேணும் பிள்ளை. விளக்கிலை ஒரு கீறல் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கார் புறப்படும்போது பிள்ளையாரைக் கும்பிடுகிறார்களோ இல்லையோ, "மாப்பிள்ளை ஏறிட்டாரோ?" என்று ஒருவர் கேட்க வேண்டும். மற்றவர்கள் "ஓம்" சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தமிழ் அரைகுறை. அவள் அதை "குரூம் இன்?" என்று சுருக்கிவிட்டாள். இவர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு முறையும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்னால் முழுதாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் "ஓம்" என்பார்.

போன மாதம் கண் டாக்டர் இனி கார் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், களைத்துப் போயிருந்தேன். இருந்தாலும் கார்த் திறப்பை மகளிடம் நீட்டிவிட்டு, உடனே பிடியை விடவில்லை. பிறகு பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குரூம் இன், அம்மா?"

"ஓம் பிள்ளை," என்றேன், "ஏறிட்டன்."